பெயர் அச்சிட்ட உறை

எம்.கே.பி. நகர்,
9.6.2003

அன்புள்ள மாமாவுக்கு அறிவு எழுதுவது.

இங்கே நானும் அம்மாவும் பெரிய குறை ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். அம்மாவுக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. மூன்றாம் மாடிக்காரர்கள் எல்லோருக்கும் அது உண்டு. உங்கள் சர்க்கரை எப்படி இருக்கிறது, ஷாலு பரீட்சை எப்படி எழுதினாள் என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. எண்ணூரில், நம் தீனா இருக்கும் அதே அருட்கரை இல்லத்தில். இல்லத்துக்குப் பணம் அனுப்பும் வெளிநாட்டுக்காரர்கள், 'மனவளர்ச்சி குன்றிய பெரியவர்கள் முப்பத்திரண்டு பேரை வைத்திருக்கிறீர்களே, நடத்தை நிபுணர் ஒருவர் உண்டா?' என்று கேட்டு எழுதினார்களாம். உண்டு என்றால்தான் அடுத்த வருடப் பணம். ஆகவே நான் உண்டானேன். சரக்கறையைப் பாதியாகத் தடுத்து, கதவில் 'நடத்தை மேம்பாட்டு நிபுணர்' என்று எழுதியிருக்கிறார்கள். மறுபாதியில் அரிசி மூட்டைகள். அவற்றின் நடத்தையில் இதுவரை குறை ஒன்றும் இல்லை.

வேலை என்னவென்று ஷாலு கேட்டால் இப்படிச் சொல்லுங்கள். ஒருவன் கடிக்கிறான், அடிக்கிறான், தட்டை வீசுகிறான் என்றால், ஏன் என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு ஒரு நீளமான நோட்டு. பக்கத்துக்கு மூன்று கட்டம்: முன்பு என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், பின்பு என்ன ஆனது. காரணம் எப்போதும் முதல் கட்டத்தில் இருக்கும் என்பது பாடம். எல்லோரும் நடுக்கட்டத்தை மட்டும்தான் படிப்பார்கள் என்பது ஒரு வார அனுபவம்.

தீனா இளைத்திருக்கிறான். இருபத்தாறு வயதுக்கு முன்தலையில் முடி குறைந்துவிட்டது. வருடத்துக்கு இரண்டு தடவை அம்மாவோடு போய்ப் பழம் கொடுத்துவிட்டு வந்தபோது இதெல்லாம் கண்ணில் படவில்லை. என்னைப் பார்த்தான், பழம் இல்லை என்று தெரிந்ததும் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டான். பேச்சு அதே எட்டுப் பத்து வார்த்தைகள்தான். அப்பாவுக்கு என்ன எழுதட்டும் என்று கேட்டேன். 'ப்பா' என்றான். எழுதச் சொன்னதாக எடுத்துக்கொண்டு எழுதிவிட்டேன்.

அம்மாவின் விசாரிப்புகளுடன்,
அறிவு

---

ஓசூர்,
21.6.2003

அன்புள்ள அறிவுக்கு மாமாவின் ஆசிகள்.

நானும் ஷாலுவும் நலம். அக்காவைப் படி ஏறும்போது நடுவில் நின்று நின்று ஏறச் சொல். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. நாக்குதான் கட்டுக்குள் இல்லை.

உனக்கு வேலை கிடைத்தது மனதுக்கு நிறைவு. உன் அத்தை போனபின் அவனை வைத்துக்கொண்டு நான் பட்டது உனக்குத் தெரியும். ஷிப்டுக்குப் போகிறவன் வீட்டில் எத்தனை நாள் கதவைப் பூட்டிவிட்டுப் போவது? தொண்ணூற்றேழில் அங்கே சேர்த்தேன். அதன்பின் இங்கே மாற்றல். நல்ல இடம், கடல் காற்று. அவனுக்குப் பிடிவாதம் ஜாஸ்தி, கண்டித்து வை.

இனிமேல் வீட்டு விலாசத்துக்கு எழுத வேண்டாம். கம்பெனி விலாசத்துக்கு எழுது, கேட்டில் இருக்கும் டைம் ஆபீஸில் வாங்கிக்கொள்வேன். பக்கத்து வீட்டு போனுக்கும் கூப்பிட வேண்டாம். அவர்கள் ஷாலுவுக்கு அவர்கள் உறவில் ஓர் இடம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், நாம் தொந்தரவு தரக் கூடாது. இன்னொன்று. போன கடிதத்தை இல்லத்தின் பெயர் அச்சிட்ட உறையில் அனுப்பியிருந்தாய். அலுவலகச் சாமானைச் சொந்தக் காரியத்துக்கு எடுப்பது நல்ல பழக்கமில்லை. சாதா உறை போதும்.

அக்காவைக் கேட்டதாகச் சொல்.
பரசுராமன்

---

எம்.கே.பி. நகர்,
14.7.2003

அன்புள்ள மாமாவுக்கு,

எல்லோரும் நலம். அம்மா நீங்கள் சொன்னபடி நின்று நின்று ஏறுகிறாள். இரண்டாம் மாடியில் நிற்கும்போது அந்த வீட்டு வம்பு கிடைப்பதால் இப்போது விருப்பத்தோடு ஏறுகிறாள். இந்தக் கடிதம் நான் காசு கொடுத்து வாங்கிய உறையில் வருகிறது.

இல்லத்தில் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று எழுதுகிறேன். வாசலில் கரும்பலகை. 'இன்றைய உபயம்' என்று போட்டு ஒரு பெயர் இருக்கும். அன்று அவருக்கோ அவர் குழந்தைக்கோ பிறந்தநாள். பன்னிரண்டரைக்கு வேனில் வருவார்கள். பன்னிரண்டுக்கே முப்பத்திரண்டு பேரையும் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, கூடத்தில் வரிசையாக உட்காரவைத்து இலை போடுவோம். சோறு, சாம்பார், கேசரி எல்லாம் வைத்தாகிவிடும். ஆனால் தொடக் கூடாது. முதலில் செயலாளர் சண்முகவேல் பேசுவார். பிறகு கேக். பிறகு முப்பத்திரண்டு பேரும் ஹேப்பி பர்த்டே பாட வேண்டும். பிறகு உபயதாரர் ஒவ்வொருவர் இலையிலும் ஒரு கரண்டி கேசரி வைப்பதுபோல் போட்டோ. வைத்த கேசரியையே எடுத்து மறுபடி வைப்பார்கள், போட்டோகிராபர் கேட்டால் மூன்றாம் தடவையும். இதற்குள் அனல் மின்நிலையச் சாம்பல் சோற்றின்மேல் மெல்லிசாகப் படிந்திருக்கும். ஈ தனி.

வருடத்தில் முந்நூறு பிறந்தநாள் இப்படிக் கொண்டாடுகிறோம். இவர்களில் யாருடைய பிறந்தநாளும் இவர்களுக்குத் தெரியாது. பதிவேட்டில் முப்பத்திரண்டு பேரும் ஜூன் முதல் தேதி பிறந்திருக்கிறார்கள். போன வாரம் ஒருவர் தன் தகப்பனாரின் திதிக்காகச் சாப்பாடு போட்டார். நம் ஆட்கள் பழக்கதோஷத்தில் ஹேப்பி பர்த்டே பாடிவிட்டார்கள். அவர் கைகூப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார். யாருக்கும் ஒரு குறையும் தோன்றவில்லை.

தீனாவுக்கு மட்டும் தோன்றுகிறது. அவன் இலையைக் கவிழ்த்துவிடுகிறான். ஜூன் மாதத்தில் ஏழு தடவை. செயலாளர் என்னைக் கூப்பிட்டு, "மிஸ்டர் அறிவு, எனக்கு உங்க தியரி எல்லாம் வேணாம். அவன் ஒரு மணி நேரம் இலைக்கு முன்னாடி ஒக்காரணும். டோனர் இல்லன்னா இவங்களுக்குச் சோறு ஏது?" என்றார்.

ஆகவே அவனுக்குக் காத்திருக்கக் கற்றுத்தருகிறேன். இரண்டு நிமிடம் சும்மா இருந்தால் ஒரு பொறை பிஸ்கட். பிறகு நான்கு நிமிடம், பிறகு எட்டு. இலையைத் தள்ளினால் திட்டுவதில்லை, கெஞ்சுவதில்லை, முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை. பாடநூலில் ஒரு விதி உண்டு: ஒரு நடத்தைக்குப் பதிலே கிடைக்காவிட்டால் அது முதலில் கொஞ்சம் கூடும், பிறகு தானாக அடங்கிவிடும். நேற்று பன்னிரண்டு நிமிடம் இருந்தான். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது என்று ஒப்புக்கொள்கிறேன்.

ஷாலுவின் இடம் என்னவாயிற்று?

அறிவு

---

ஓசூர்,
2.8.2003

அன்புள்ள அறிவுக்கு,

நலம், அவ்விடத்து நலமும் அப்படியே இருக்க வேண்டும். இங்கே மழை, எனக்கு இருமல், கவலைப்பட ஒன்றுமில்லை.

உன் பாடநூல் சொல்வது ரொம்ப உண்மை. பதில் கொடுக்காமல் இருந்தால் எதுவும் அடங்கிவிடும், நானும் என் அனுபவத்தில் கண்டிருக்கிறேன். படித்ததை நன்றாகப் பயன்படுத்துகிறாய். சாப்பாடு போடுகிறவர்களைப் பற்றிக் கிண்டலாக எழுதாதே. கொடுக்க மனம் வர வேண்டுமே.

ஷாலுவுக்கு இடம் கூடி வருகிறது. பையன் பாங்கில் இருக்கிறான். அவர்கள் நிறைய விசாரிக்கிறார்கள். ஆவணியில் பூ வைக்க வருகிறார்கள், எளிமையாக, இங்குள்ளவர்களை மட்டும் வைத்து. அக்காவை அவ்வளவு தூரம் பஸ்ஸில் அலைய வைக்க வேண்டாமே என்று பார்க்கிறேன். நான் நேரில் வந்து சொல்லிக்கொள்கிறேன், நீ முந்திக்கொண்டு சொல்லாதே.

பரசுராமன்

---

எம்.கே.பி. நகர்,
8.9.2003

அன்புள்ள மாமாவுக்கு,

இருமல் நின்றதா? ஷாலுவுக்குப் பூ வைத்ததை ஓசூர் பக்கம் போய்வந்த யாரோ டோல்கேட் பஸ் நிறுத்தத்தில் அம்மாவிடம் சொல்லிவிட்டார்கள். அம்மா அன்று படியில் நிற்காமல் ஒரே மூச்சாக ஏறி வந்தாள்.

தீனா விஷயத்தில் நான் செய்தது தப்பு. விவரமாக எழுதுகிறேன், தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

மூன்று மாதத்தில் இருபத்துமூன்று தடவை இலையைக் கவிழ்த்திருக்கிறான். காத்திருக்க முடியாமல் செய்கிறான் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். ஆகஸ்டில் ஒரு நாள் காஸ் சிலிண்டர் வரவில்லை. உபயமும் இல்லை. அலுமினியத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு தீனா இரண்டரை மணி வரை உட்கார்ந்திருந்தான். இரண்டு மணி நேரத்துக்கு மேல். தட்டில் தாளம் போட்டுக்கொண்டு, ஒரு முணுமுணுப்பு இல்லாமல். அவனுக்குத்தான் நான் பிஸ்கட் கொடுத்து இரண்டு நிமிடம் காத்திருக்கப் பழக்கிக்கொண்டிருந்தேன்.

பிறகு முதல் கட்டத்தை மட்டும் முதலிலிருந்து திரும்பப் படித்தேன். இருபத்துமூன்று நாளும் வாசலில் வண்டி வந்த நாள். வண்டிச் சத்தம் கேட்டதும் எழுந்து போகிறான். இறங்குகிற ஒவ்வொருவர் முகத்தையும் பார்க்கிறான். கடைசி ஆள் இறங்கியபின் குனிந்து ஸீட்டுக்கு அடியிலும் பார்க்கிறான். டிரைவரையும் பார்க்கிறான். பிறகு யாராவது கையைப் பிடித்து இழுத்து உட்காரவைப்பார்கள். இலை கவிழ்வது அதற்கப்புறம்.

இதைச் சமையல்காரர் ஸ்டானிஸ்லாஸிடம் பெரிய கண்டுபிடிப்பாகச் சொன்னேன். பத்து வருடமாக அங்கே இருப்பவர். வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை.

"இதுக்கா சார் மூணு மாசம் எழுதிகினு இருந்த? அவன் சோத்துக்குக் கோச்சிக்கல சார். வண்டில இருந்து எறங்குற மூஞ்சிங்களப் பாத்துதான் பேஜாராவுறான். அவங்க நைனா அவன வுட்டுட்டுப் போம்போது நான் கேட்டாண்டதான் நின்னுகினு இருந்தேன். 'இங்கயே குந்திகினு இரு, அப்பா தோ வந்துட்றேன்'னாரு. அதான் குந்திகினு கீறான். ஆறு வர்சமாவுது."

"ஏன் என்னிடம் சொல்லவில்லை?" என்றேன்.

"நீ கேக்கலியே சார். எழுதிகினு இருந்த."

மாமா, நான் உங்களைக் குறை சொல்லவில்லை. கிளம்பும்போது எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். அவன் அதை அப்படியே எடுத்துக்கொண்டுவிட்டான், அவ்வளவுதான். மருந்தும் வேண்டாம், பயிற்சியும் வேண்டாம். மாதம் ஒரு தடவை, முடியாவிட்டால் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, நீங்கள் வந்து முகத்தைக் காட்டிவிட்டு, மறுபடி எப்போது வருவீர்கள் என்று காலண்டரில் ஒரு வட்டம் போட்டுவிட்டுப் போனால் போதும். காலண்டர் நான் வாங்கி வைத்துவிட்டேன்.

எப்போது வருகிறீர்கள்?

அறிவு

---

எம்.கே.பி. நகர்,
13.10.2003

அன்புள்ள மாமாவுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்புவதைத் தவிர வேறு தகவல் இல்லை. ஐந்து வாரமாக உங்கள் கடிதம் வரவில்லை. நான் சொன்ன பாடநூல் விதியை என்மேலேயே பயன்படுத்துகிறீர்கள் என்றால், பதில் கிடைக்காத நடத்தை முதலில் கூடும் என்றும் எழுதியிருந்தேன், அதையும் நினைவில் வையுங்கள். ஆகவே இந்தக் கடிதம்.

போன வியாழக்கிழமை துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்சி வைத்திருப்பவர் தன் தாயாரின் எண்பதாம் பிறந்தநாளுக்கு வந்தார். மூன்று வேன். நாற்பத்தொரு முகம். தீனா நாற்பத்தொன்றையும் பார்த்தான். பிறகு கவிழ்த்த இலையின் சாம்பார் அந்த அம்மாளின் பட்டுப்புடவையில் விழுந்தது. அந்த அம்மாள் "போகட்டும் விடுங்க, கொழந்த" என்றுதான் சொன்னார். மற்ற நாற்பது பேருக்கும் மனம் புண்பட்டுவிட்டது.

மறுநாள் நிர்வாகக் குழு கூடியது. உபயதாரர்களின் உணர்வைப் பற்றி ஒன்றேகால் மணி நேரம் பேசினார்கள். என் நோட்டைக் கொண்டுபோனேன். செயலாளர் அதைத் திறக்காமல் அதன்மேல் டீ கிளாஸை வைத்தார். தீனாவை வேறு மாவட்டத்தில் ஓர் இல்லத்துக்கு மாற்றத் தீர்மானம். "அங்க கன்ட்ரோல் நல்லா இருக்கும்" என்றார். ஸ்டானிஸ்லாஸின் மச்சான் அங்கே வாட்ச்மேனாக இருந்தவர். கன்ட்ரோல் என்றால் என்னவென்று பிறகு அவரிடம் கேட்டேன். இரும்புக் கட்டில், காலில் சங்கிலி, ராத்திரி பகல் இரண்டு வேளையும். கூட்டத்திலேயே ஒருவர் எழுந்து எனக்கு ஆறுதல் சொல்லியிருந்தார்: அங்கேயும் கடல் காற்று உண்டாம்.

சம்மதப் படிவம் உங்கள் கையெழுத்துக்காக வீட்டு விலாசத்துக்கு வருகிறது. பதிவேட்டில் அதுதான் இருக்கிறது. இல்லத்தின் பெயர் அச்சிட்ட உறையில்தான் வரும், அதை நான் தடுக்க முடியாது.

அதில் கையெழுத்துப் போடாதீர்கள். நேரில் வாருங்கள். வர முடியாவிட்டால் அவனை அம்மாவிடம் ஒப்படைக்கச் சம்மதம் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். காப்பாளர் நீங்கள் என்பதால் அது இல்லாமல் எங்களிடம் விடமாட்டார்கள். அம்மா சொன்னதை அவள் வார்த்தையிலேயே எழுதுகிறேன்: "அவன் லெட்டர எல்லாம் எனக்குப் படிச்சிக் காட்டாத. பெத்த புள்ளய அங்க கடாசிட்டு, கூடப் பொறந்தவள இங்க கடாசிட்டு, யார் வூட்டுக்குடா மாப்ள எடுக்குறான் அவன்? நாம துன்றத அந்தப் புள்ளயும் துன்னட்டும். இட்டாந்துடு."

அறிவு

---

ஓசூர்,
5.11.2003

அன்புள்ள அறிவுக்கு,

தீபாவளி வேலையில் பதில் தாமதம். சர்க்கரை கூடி, நடுவில் இரண்டு நாள் படுத்துவிட்டேன். உங்கள் இருவரின் உடம்பும் எப்படி?

படிவம் வந்தது. தபால்காரர் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். ஏதோ நன்கொடை கேட்டு வந்திருக்கிறது என்று சொல்லி வாங்கி வந்தேன். அவர்களுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. நான் தர்மம் செய்கிறவன் என்று சம்பந்தி வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறார்கள்.

அதில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. பொறுப்பில்லாதவன் என்று நினைக்காதே. அக்கா பேருக்கு எழுதிக் கொடுப்பதெல்லாம் கல்யாணம் முடியும்வரை வேண்டாம். சம்பந்தி வீட்டார் ஜவுளி எடுக்க வண்ணாரப்பேட்டைக்கு வரப்போகிறார்கள், வந்த இடத்தில் அக்கா வீட்டுக்கும் வருவோம் என்றால் என்ன செய்வது? ஒரு பெண்ணை வைத்துக்கொண்டிருப்பவன் நிலைமை உனக்கு ஒரு நாள் புரியும்.

ஆனால் வருகிறேன். டிசம்பரில் கட்டாயம் வருகிறேன். என் வழியில் வருகிறேன், நீ ஒன்றும் ஏற்பாடு செய்ய வேண்டாம். அதுவரை எப்படியாவது தள்ளிப்போடு.

பரசுராமன்

---

எம்.கே.பி. நகர்,
24.11.2003

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் பார்த்ததும் எனக்குப் பாதி உடம்பு தேறிவிட்டது. சர்க்கரைக்கு நடங்கள், மாத்திரையை விடாதீர்கள்.

செயலாளரிடம் பொங்கல்வரை தவணை வாங்கியிருக்கிறேன். பதிலுக்கு ஆண்டறிக்கையை நான் எழுதித் தர வேண்டும். 'மகிழ்ச்சி' என்ற சொல் பக்கத்துக்கு இரண்டு தடவையாவது வர வேண்டுமாம். எழுதிக்கொண்டிருக்கிறேன்.

செய்யக்கூடாத ஒன்றையும் செய்துவிட்டேன். "அப்பா வராரு" என்று தீனாவிடம் சொல்லிவிட்டேன். அவன் உள்ளே போய், ஆறு வருடம் முன்பு நீங்கள் துணி வைத்துக் கொடுத்த மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு வந்தான். அதற்குள் இப்போது ஒன்றும் இல்லை. ராத்திரி தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிறான்.

சீக்கிரம் வாருங்கள்.

அறிவு

---

எம்.கே.பி. நகர்,
29.12.2003

அன்புள்ள மாமாவுக்கு,

நலம் விசாரிக்க வேண்டியதில்லை. இரண்டு வாரம் முன்புதான் உங்களை நல்ல உடம்போடு பார்த்தேன்.

பதினான்காம் தேதி ஞாயிற்றுக்கிழமைக்கு நான் நோட்டில் எழுதியதை அப்படியே இங்கே எழுதுகிறேன்.

முன்பு: கரும்பலகையில் 'இன்றைய உபயம்: செல்வி ஷாலு திருமணத்தை முன்னிட்டு, ஓசூர்' என்று எழுதியிருந்தது. பன்னிரண்டு நாற்பதுக்கு வேன் வந்தது. உள்ளே வண்ணாரப்பேட்டை ஜவுளிப் பைகள். ஏழு பேர் இறங்கினார்கள். நான்காவதாக இறங்கியவர் தீனாவின் தகப்பனார்.

நடந்தது: தீனா 'ப்பா' என்றான். கத்தவில்லை, மெதுவாகத்தான் சொன்னான். தகப்பனார் செயலாளர் பக்கம் திரும்பி, கூட வந்த வருங்காலச் சம்பந்தியை அறிமுகம் செய்துவைத்தார். யாரும் இழுக்காமலே தீனா போய்த் தன் இலைக்கு முன் உட்கார்ந்தான். கையை முழங்கால்மேல் வைத்துக்கொண்டான். செயலாளர் பேச்சு, கேக், பாட்டு, போட்டோ. ஐம்பத்தெட்டு நிமிடம். இலை அசையவில்லை. தகப்பனார் எல்லோருக்கும் ஒரு கரண்டி கேசரி வைத்தார். தீனாவுக்கு இரண்டு. "இன்னாங்க இந்தப் பையன் உங்களையே பாக்குறான்?" என்று சம்பந்தி கேட்டார். "இவங்க எல்லாரையும் இப்படித்தாங்க பாப்பாங்க, பாவம்" என்றார் தகப்பனார்.

பிறகு நீங்கள் என்னிடம் வந்தீர்கள். "சார், பாத்ரூம் எந்தப் பக்கம்?" என்று கேட்டீர்கள். பின்பக்கம் சார் என்று காட்டினேன். பதினொரு நிமிடம் உள்ளே இருந்தீர்கள். எல்லாவற்றுக்கும் கடிகாரம் பார்ப்பது தொழில் பழக்கம், மன்னியுங்கள். குழாய் திறந்தே இருந்தது. அந்தக் குழாயில் மத்தியானம் தண்ணீர் வராது என்பது வெளியாளுக்குத் தெரியாது. ஆகவே நீங்கள் அழுதது கேட்டது. அப்போதாவது நான் கதவைத் தட்டி மாமா என்று கூப்பிட்டிருக்க வேண்டும். கூப்பிடவில்லை. வெளியே நின்று, வேறு யாரும் அந்தப் பக்கம் வந்துவிடாமல் பார்த்துக்கொண்டேன். கூடத்தில் தீனா அதே நேரத்தில் ஹேப்பி பர்த்டேயைத் தனியாக இரண்டாம் தடவை பாடிக்கொண்டிருந்தான். உபயதாரர் கிளம்பாமல் இருக்க அவனுக்குத் தெரிந்த வழி அதுதான்.

பின்பு: வேன் கதவருகே தீனா மஞ்சள் பையோடு நின்றான். சம்பந்தியம்மாள் அவன் பையில் ஓர் ஆரஞ்சு போட்டார். வேன் போயிற்று. ஸ்டானிஸ்லாஸ் அவனைக் கூட்டிவந்தார். சாயங்காலம் பாத்திரம் கழுவும்போது சொன்னார்: "இதுக்கு அந்தாளு வராமயே இருந்துருக்கலாம் சார். இத்தினி நாள் அவனுக்கு ஒரு வேலயாவது இருந்துச்சி."

மறுநாள் வேன் வந்தது. தீனா எழுந்திருக்கவில்லை. அதற்கடுத்த நாளும். இப்போது பதினைந்து நாளாக எந்த வண்டிக்கும் தலையைத் திருப்புவதில்லை. இலைக்கு முன் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காருகிறான். யார் எதை வைத்தாலும் வாய் திறக்கிறான், வைக்காவிட்டால் மூடிக்கொண்டிருக்கிறான். மஞ்சள் பையில் ஸ்டானிஸ்லாஸ் வெங்காயம் போட்டு வைத்திருக்கிறார். அதைக் கேட்கவும் இல்லை.

செயலாளருக்கு அளவில்லாத சந்தோஷம். மாற்றல் ரத்து. அவனை முதல் வரிசையில் உட்காரவைக்கிறார்கள். என் வரைபடத்தில் கோடு இறங்கிப் பூஜ்யத்தில் படுத்திருப்பதைப் பெரிதாக வரைந்து கூடத்தில் மாட்டியாகிவிட்டது. ஆண்டு விழாவில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நீங்கள் கரண்டியோடு குனிந்து நிற்க, தீனா உங்கள் முகத்தைப் பார்க்கிற போட்டோ ஆண்டறிக்கையின் அட்டையில் வந்திருக்கிறது. ஒரு பிரதி உபயதாரர் விலாசத்துக்கு வரும்.

பொன்னாடையை அம்மாவிடம் காட்டினேன். அதை எடுத்து அடுப்பு மேடையைத் துடைத்தாள்.

பாடநூல் விதி சரிதான் மாமா. பதில் கிடைக்காத நடத்தை முதலில் கூடும், பிறகு அடங்கிவிடும். அவனுக்கு ஆறு வருடம் பிடித்தது. எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை.

ஷாலுவுக்கு என் வாழ்த்துகள்.

அறிவு

---

ஓசூர்,
6.4.2004

அன்புள்ள அறிவுக்கு மாமா எழுதுவது.

இங்கே எல்லாம் நல்லபடி முடிந்தது. ஷாலு மாமியார் வீட்டில் சௌக்கியம். பத்திரிகை உங்களுக்குத் தாமதமாகக் கிடைத்திருக்கும், தபால் கோளாறு. அக்கா வருவாள் என்று முகூர்த்தம் முடிகிறவரை வாசலைப் பார்த்தேன்.

சர்க்கரை கட்டுக்குள் நிற்கவில்லை. வீட்டில் நான் மட்டும்தான். சமைத்ததில் பாதி மிஞ்சிவிடுகிறது.

ஜனவரியில் ஒரு கடிதம் போட்டேன், பிப்ரவரியில் ஒன்று. நீ பதில் எழுதவில்லை. வேலை ஜாஸ்தியாக இருக்கும். டைம் ஆபீஸில் தபால் பதினொன்றரைக்கு வரும். அந்த நேரத்துக்கு நான் கேட்டுக்குப் போய்விடுகிறேன். ஸ்டோர் கீப்பருக்குக் கேட்டில் என்ன வேலை என்று செக்யூரிட்டி கேட்கிறான். தபால்காரர் கட்டைப் பிரித்து, கடைசி உறைவரை பார்த்துவிட்டு, இல்லை என்று கையை விரிக்கிறார். நான் வாங்கி இன்னொரு தடவை பார்க்கிறேன்.

அந்த ஆண்டறிக்கை வந்தது. அட்டையைக் கிழித்துத் தனியாக வைத்திருக்கிறேன். பெட்டிக்கு அடியில்.

அக்காவிடம் ஒப்படைக்க ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னாயே, எழுதி வைத்திருக்கிறேன். கையெழுத்துதான் பாக்கி. சம்பந்தி வீட்டில் பக்குவமாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போடலாம் என்று பார்க்கிறேன். அதற்குள் அவன் எப்படி இருக்கிறான் என்று ஒரு வரி எழுது. இப்போதும் வண்டி வந்தால் பார்ப்பதில்லையா? நீ எழுதியதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று தெரியவில்லை. ஒரு வரி போதும்.

வீட்டு விலாசத்துக்கே எழுதலாம். இல்லத்தின் பெயர் அச்சிட்ட உறையானாலும் பரவாயில்லை.

பரசுராமன்